நின்றுபோன ஜீப்பும் நிறுத்தாத பிரேக்கும்

சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான் ஒரு பழைய ஜீப்பில் வந்து இறங்கியதைப் பார்த்த அன்பர்கள் சிலர், அதைப் பற்றி மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். “நீங்களே வீட்டில் வைத்துப் பூட்டினதாமே! எங்க பையனும் ஒரு ஓட்டை வண்டி வாங்கி வச்சிருக்கான் சார், அவனுக்கும் உபயோகமா இருக்கும்” என்றார் ஒருவர். சரி என்று ஒப்புக்கொண்டு எழுத உட்கார்ந்தபோதுதான், இந்த விஷயத்தில் எனக்குப் பெருமை தரும் பகுதி சிறியது, வெட்கம் தரும் பகுதி பெரியது என்பது புரிந்தது. பிறருக்குப் பயன்படப் போவதும் அந்த வெட்கப் பகுதிதான். ஆகவே மற்றதைச் சுருக்கி, அதை விரித்து எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை இடார்சி டீசல் ஷெட்டில் கழித்தவன். 16 சிலிண்டரும் 2600 குதிரைத்திறனும் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்களோடு வாழ்ந்தவன். 2018-இல் ஓய்வு பெற்று, மகன் குடும்பம் இருக்கும் ஜபல்பூருக்கு வந்து சேர்ந்தேன். நாலே சிலிண்டர் உள்ள ஒரு ஜீப் நம்மை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்புதான் முதல் கோளாறு.

ஜபல்பூர் ராணுவ வண்டிகளின் ஊர் என்பது இங்குள்ள நம்மவர்களுக்குத் தெரியும். பலர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள். 1904-இல் பீரங்கி வண்டித் தொழிற்சாலை வந்தது. 1969-இல் வாகனத் தொழிற்சாலை வந்தது. நிஸ்ஸான் நிறுவனத்தின் உரிமம் பெற்று இங்கே செய்த வண்டிக்கு ‘ஜோங்கா’ என்று பெயர். ஏதோ ஆப்பிரிக்கப் பெயர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதல் எழுத்துக்கள்தான் அது! 1999-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. பழைய வண்டியைத் தொட நினைப்பவர் உதிரிபாகத்தைத் தேடுமுன் இப்படிப்பட்ட கையைத் தேட வேண்டும். எனக்கு அப்படி ஒரு மிஸ்திரி கிடைத்தார். ஆனால் அவரிடம் நான் போனது காலம் கடந்துதான்.

என் வண்டி ஜோங்கா அல்ல, மஹிந்திரா ஜீப். சி.ஜே.3பி என்ற மாடல், 1976-இல் செய்தது. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த வண்டி இது. அங்கே 1968-இல் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அதன் பிறகும் பல்லாண்டுகள் செய்தார்கள். மற்ற ஜீப்புகளைவிட இதன் மூக்கு உயரமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அழகு அல்ல, எஞ்சின். காற்றை உள்ளே விடும் வால்வுகள் மேலே தலைப்பகுதியிலும், புகையை வெளியே விடும் வால்வுகள் கீழே பிளாக்கின் பக்கவாட்டிலும் அமைந்த எஞ்சின் இது. தலை உயரமானதால் மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று.

இந்த ஜீப்பை ஒரு ஏலத்தில் எடுத்தவர் என் நண்பர், திருநெல்வேலிக்காரர், இங்கே தொழிற்சாலையில் இருந்தவர். 2008-இல் அவர் காலமானார். வண்டி அவர் வீட்டு வேப்பமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டது. 2019 தீபாவளி சமயம் அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“எடைக்குப் போடச் சொல்றாங்க. மனசு வரலை. நீங்க எடுத்துக்கிடுங்க. ஓட ஆரம்பிச்சா ஒரு தடவை என்னை நர்மதைக்குக் கூட்டிட்டுப் போங்க, அது போதும்” என்றார்கள்.

எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதைக் கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கு மட்டும் பாக்கி நின்றது.

தாளைப் பார், பிறகு தகரத்தைப் பார்

வண்டியைக் கயிறு கட்டி இழுக்குமுன் பத்திரங்களைப் பார்த்தது நான் சரியாகச் செய்த சில காரியங்களில் ஒன்று. பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்களோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கும்பிடு போட்டு விட்டுவிட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்ட வண்டியை நேரே நம் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு அவர் நமக்கு விற்பதற்குப் படிவம் 29, 30. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டியின் பதிவைப் படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு இந்த வேலைக்கே நான்கு மாதம் ஆயிற்று.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காருக்கான இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆயிற்று. 2025-இல் இருபது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ஆயிற்று. எஞ்சினை வேறு ரகத்துக்கு மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு, தாளில் பெட்ரோல் என்றே ஓட்டித் திரியும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறேன். விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் ‘விண்டேஜ்’ என்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். பெயர் கௌரவமாக இருக்கிறது. ஆனால் அதில் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத் தவிர அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கறிகாய் வாங்கப் போக எண்ணுபவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

தாளுக்குப் பிறகு தகரம். ரயில்வேயில் அந்தக் காலத்தில் நீண்ட காம்புள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே நடப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் உள்ளது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அதே வைத்தியத்தைச் சேஸிஸுக்குச் செய்தேன். ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடத்துக்கு அருகே ‘டப்’ என்றது. கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்ததும், தார் பெயின்டுக்கு அடியில் ஒரு பழைய ஒட்டும், ஒட்டின் ஓரத்திலேயே புதிய விரிசலும் தெரிந்தன.

ஒட்டுப் போட்ட இடத்திலேயே ஏன் மறுபடி விரிந்தது? முன்பு பழுதுபார்த்தவர் சதுரத் தகட்டை வைத்து, நாலு பக்கமும் நேர்க்கோட்டில் வெல்டிங் செய்திருந்தார். சேஸிஸ் நெளியும்போது அந்த நெளிவு முழுவதும் தகடு முடியும் நேர்க்கோட்டில் வந்து சேரும், அங்கேதான் கிழியும். தகட்டின் இரு முனைகளையும் மீனின் வால்போலக் கூர்ப்பித்து வெட்டி, சேஸிஸின் குறுக்காக நேர்க்கோட்டு வெல்டிங் விழாதபடி பற்றவைக்க வேண்டும். விரிசலின் கடைசிப் புள்ளியில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இது எனக்கு ஷெட்டிலேயே பழகிய வேலை. செய்து முடித்ததும், இனி எல்லாம் இப்படியே சுலபம் என்று தோன்றிவிட்டது.

எஞ்சின்: இரண்டு சறுக்கல்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. உதிரிபாகக் கடை இல்லை, மிஸ்திரி இல்லை. நானும் ஜீப்பும் ஏழு வயதுப் பேரனும்தான். எஞ்சின் பதினோரு ஆண்டு நின்றதில் இறுகிவிட்டிருந்தது. பிஸ்டன் வளையங்கள் துருவோடு சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிளக் துளைகள் வழியே டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாளைக்கு ஒருமுறை முன்பக்கக் கைப்பிடியை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க வேண்டும். இழுவை வண்டியில் கட்டி இழுத்து உருட்ட நினைப்பது பேராபத்து. வளையம் உடையும், பிஸ்டன் கீறும். பத்தொன்பதாம் நாள் கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தது. பேரன் தெருவெல்லாம் கேட்கக் கத்தினான்.

அந்த உற்சாகத்தில் சிலிண்டர் தலையைக் கழற்றப் போனவன், இறுகியிருந்த போல்ட் ஒன்றில் ஸ்பேனரோடு நீளக் குழாயைச் செருகிப் பலம் கொடுத்தேன். ‘டக்’ என்று தலை தனியாக வந்துவிட்டது. உடல் பிளாக்குக்குள் நின்றுகொண்டது. முதல் சறுக்கல். நாற்பது வருஷம் கீழே வேலை பார்த்தவர்களிடம் “குழாய் போடாதே, சூடு போடு” என்று சொன்னவன் நான்! ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு வெல்டரைக் கூப்பிட்டு, முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியே பற்றவைத்து, சிவப்புச் சூடு தணியும் நேரத்தில் திருப்பி எடுத்தோம். சூட்டில் போல்ட் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடுகிறது. அரைமணி வேலை. குழாயை எடுத்த அந்த ஒரு நிமிஷ அவசரத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்தேன்.

இங்கே மரை பற்றி ஒரு வார்த்தை. இந்த ஜீப் அங்குலக் கணக்கில் வடிவமைத்தது. இன்று கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது மில்லிமீட்டர் கணக்குப் போல்ட். சில அளவுகள் முதல் மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று பலம் கொடுத்தால் உள்ளே மரை போய்விடும். பழைய போல்ட்டை மாதிரி காட்டாமல் எதையும் வாங்காதீர்கள்.

சிலிண்டர்களை அளந்து, தேய்மானம் கூடுதலாக இருந்ததால் போர் போட்டு, அதற்கேற்ற பிஸ்டன்களைப் போட்டோம். 2199 சி.சி.; துளை 79 மில்லிமீட்டருக்குச் சற்றுமேல், ஓட்டம் 111. அதாவது பிஸ்டன் நெடுந்தூரம் போய்வரும் சாது எஞ்சின். வேகம் தராது, இழுக்கும்.

இரண்டாவது சறுக்கல் சிரிக்கத் தக்கது. பூட்டி முடித்து நல்ல நாள் பார்த்து ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் கார்பரேட்டர் வழியாகத் தும்முகிறது! ‘படார் படார்’ என்று தீ வேறு. பெட்ரோலை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். டீசல்காரனுக்குத் தீப்பொறி புதிது. எரியும் வரிசை 1-3-4-2 என்று புத்தகத்தில் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒயர்களைக் கடிகார முள் சுற்றும் திசையில் மாட்டியிருந்தேன். இந்த எஞ்சினில் உள்ளே இருக்கும் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். ஆக ஒன்றும் நாலும் சரியாக எரிய, இரண்டும் மூன்றும் இடம் மாறி எரிந்தன. இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டதும் தையல் மிஷின்போல ஓடியது. மூடியைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றி, ரோட்டர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

அன்று 2020 டிசம்பர். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிரேக்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி ஏன் நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சங்கிலி பிரேக்கை அழுத்துவதில்லை. அது ஒரு வால்வைத் திறந்து, வண்டி நெடுக ஓடும் குழாயிலுள்ள காற்றை வெளியே விடுகிறது. அந்தக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெட்டி அறுந்து பிரிந்தாலும், குழாய் கிழிந்தாலும் வண்டி நிற்கும். அதாவது ரயிலின் பிரேக் கெட்டால் ஓடாது. இந்த ஏற்பாட்டின் நடுவே நாற்பது வருஷம் இருந்தவனுக்கு, பிரேக் கோளாறு என்றாலே ‘வண்டி நகராது’ என்றுதான் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

ஜீப்பின் பிரேக் நேர் எதிர். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும். அது குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய், அங்குள்ள சிறு சிலிண்டர்களை விரித்து, லைனிங்கை டிரம்மோடு அழுத்தும். திரவம் ஒழுகினால் பிரேக் இல்லை. இன்றைய வண்டிகளில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். பழைய ஜீப்பில் ஒரே சுற்று. எங்கே ஓர் இடத்தில் ஒழுகினாலும் நான்கும் போயிற்று. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயம் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

எஞ்சினைப் பற்றியே பயந்துகொண்டிருந்த நான், பிரேக் வேலையை ஒரே பிற்பகலில் முடித்தேன். சக்கரச் சிலிண்டர்களைக் கழற்றினேன். புதிய ரப்பர் கப்புகள் வாங்கினேன். சிலிண்டர், ஸ்பிரிங், கப் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு, ஷெட்டில் எதைப் பிரித்தாலும் செய்கிற மாதிரி, மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவித் துடைத்து மாட்டினேன். தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பேரன்.

அடுத்த சில வாரங்களில் வண்டி எனக்கு மூன்று முறை சொன்னது. முன்பெல்லாம் சமதரையில் நான் ஒருவனே தள்ளினால் உருளும். இப்போது இரண்டு பேர் வேண்டியிருந்தது. புது லைனிங், பழகினால் சரியாகும் என்றேன். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திச் சக்கர டிரம்மைத் தொட்டபோது கை வைக்க முடியவில்லை. ரயில்வேயில் ‘ஹாட் ஆக்ஸில்’ என்றால் வண்டியை நிறுத்திப் பெட்டியைக் கழற்றுவோம். இங்கே நான் லைனிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். மூன்றாவது, இடது பின்சக்கரத்தின் உட்புறம் டயரில் ஓர் ஈரக்கறை. கியர் எண்ணெய் ஒழுகுகிறது என்று துடைத்துவிட்டேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரவத்தின் மட்டத்தைப் பார்க்கலாம் என்றால், இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. பாயைத் தூக்கி, மூடித் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சோம்பல்.

2021 ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை. வரும் ஞாயிறு அண்ணியை நர்மதைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னோட்டமாகப் பேரனை மட்டும் ஏற்றிக்கொண்டு க்வாரிகாட் பக்கம் போனேன். ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் மூன்றாம் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடி மிதித்தேன், பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது முறை அதுவும் இல்லை.

கீழே பூக்கடைகள், மாடுகள், குளிக்க வந்தவர்கள்.

முதல் கியருக்குப் போக முடியாது. இந்தப் பெட்டியில் முதல் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது, ஓடும்போது விழாது. இரண்டாம் கியருக்கு உண்டு. ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இரண்டில் போட்டேன். எஞ்சின் அலறி வண்டியை இழுத்துப் பிடித்தது. அடுத்து கைப்பிரேக். இந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்மேல் தனி டிரம்மாக இருக்கிறது. திரவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரேயடியாக இழுத்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும் என்று விட்டு விட்டு இழுத்தேன். சாலையோரம் யாரோ கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றியதும் வண்டி நின்றது. கடைகளுக்கும் எங்களுக்கும் இடையே இருபது அடி இருக்கலாம்.

“ஏன் தாத்தா மணல்ல நிறுத்திட்டீங்க?” என்றான் பேரன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

மிஸ்திரியின் கேள்வி

வாகனத் தொழிற்சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குத் தெரியாததா என்று போகாமல் இருந்தேன். இப்போது வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சக்கரத்தைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து கப்பை விரலால் எடுத்தார். ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய ரப்பர், ஊறிய அப்பளம்போல் உப்பிக் கொழகொழவென்று இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “பாபுஜி, இதை எதில் கழுவினீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

காரணம் இதுதான். நாம் ‘பிரேக் ஆயில்’ என்று சொல்கிறோமே, அது ஆயிலே அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். அதற்கென்றே செய்த ரப்பர் அந்தத் திரவத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், கிரீஸ் ஆகிய பெட்ரோலியப் பொருள்களில் எது பட்டாலும் அந்த ரப்பர் உப்பும். டீசல் எஞ்சினில் இருக்கும் ரப்பர் வளையங்கள் வேறு ரகம். அவை எண்ணெயைத் தாங்கும். ஆகவே ஷெட்டில் சரியாக இருந்த பழக்கம் இங்கே விஷமாயிற்று.

மூன்று அறிகுறிகளுக்கும் இப்போது விடை கிடைத்தது. மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை போன்ற ஒரு சிறு துளை உண்டு. பெடலை விட்டதும் அழுத்தத்திலிருந்த திரவம் அதன் வழியே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். கப் உப்பி அந்தத் துளையை மூடிவிட்டால் திரவம் திரும்பாது; காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். அதனால்தான் வண்டி உருளவில்லை, டிரம் சுட்டது. சூடு ரப்பரை மேலும் கெடுத்தது. கடைசியில் பின்சக்கரக் கப்பின் விளிம்பு மடங்கி, ஈரக்கறை என்று நான் துடைத்த வழியாகவே திரவம் முழுதும் போய்விட்டது. தளரப் போகிற பிரேக், அதற்கு முன்னால் இறுகிக் காட்டியது.

பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். மாஸ்டர் சிலிண்டரும் நான்கு சக்கரங்களும் சேர்த்து ரப்பர் என்று இருந்த அத்தனையையும் எறிந்தோம். பார்வைக்கு நன்றாக இருந்த ஹோஸ் குழாய்களையும் விடவில்லை. ஒருமுறை எண்ணெய் பட்ட ரப்பரைக் காப்பாற்ற முடியாது. இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டு அலசி, காற்றடித்துக் காயவைத்தோம். துருப்பிடித்த இரண்டைப் புதிதாக இரும்பிலேயே போட்டோம். வளைக்கச் சுலபம் என்று செம்புக் குழாய் போடுவார்கள், அது அதிர்வில் இறுகி விரியும். புது ரப்பரைக் கழுவவேண்டிய அவசியமே இல்லை. மாட்டுமுன் புதிய பிரேக் திரவத்தில் நனைத்தால் போதும். காற்று வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் நாட்டு ஜீப்பில் அது இடது பின்சக்கரம். வெளியே வந்த திரவத்தை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மறுபடி ஊற்றக்கூடாது. டப்பா திறந்து பல மாதம் ஆனதும் வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அழுந்தும், பிரேக் பிடிக்காது.

பெடலை முழுப் பலத்தோடு மிதித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார் மிஸ்திரி. பெடல் நூலளவும் இறங்கக்கூடாது. பிறகு நான்கு சக்கரங்களுக்குக் கீழும் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் இரவு நிறுத்தினோம். காலையில் தாள் உலர்ந்திருந்தது. அதன் பிறகுதான் சமதரையில், ஆளில்லாத சாலையில், இரண்டு கிலோமீட்டர். நிறுத்தித் தொட்டுப் பார். மறுபடி இரண்டு கிலோமீட்டர்.

இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்தினால் வண்டியின் பழமை கெட்டுவிடும் என்று பழம்வண்டிப் பிரியர் ஒருவர் சொன்னார். பேரன் உட்காரும் வண்டியில் பழமை எனக்கு இரண்டாம்பட்சம். பொருந்தக்கூடிய ஒன்றை மிஸ்திரி தேடிக்கொண்டிருக்கிறார்.

ஓடும் வண்டிக்கு மேலும் சில குறிப்புகள், சுருக்கமாக. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1976-இல் செய்த ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. பெட்ரோல் குழாய், பம்ப்பின் ஜவ்வு, கார்பரேட்டர் கேஸ்கட் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் டாங்கியில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். நான்கு சக்கர இழுவையைச் சேற்றிலும் மணலிலும் மட்டும் போடுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் இதில் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், நெம்புகோல் திரும்பி வராது. பெயின்ட் கடைசி வேலை. எனக்கு அது இன்னும் முடியவில்லை. இடதுபக்க மட்கார்டு பிரைமரோடுதான் நிற்கிறது, விழாவன்று கவனித்திருப்பீர்கள்.

அண்ணியிடம் அந்த ஞாயிறு வரமுடியாது என்று மட்டும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து, பங்குனி உத்திரத்தன்று காலையில் கூட்டிப் போனேன். சரிவு தொடங்குமிடத்திலேயே இரண்டாம் கியரில் போட்டுக்கொண்டேன். மணல் மேடு இருந்த இடத்தில் அதற்குள் சுவர் எழும்பியிருந்தது.

“அவுக இருந்தா இன்னும் வேகமாப் போயிருப்பாக” என்றார்கள் அண்ணி.

கீழே போய் நிறுத்தியதும் பேரன் குதித்து இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனான். நாலாவதைத் தொட்டுவிட்டு, “ஆறித்தான் இருக்கு தாத்தா, நீங்க வரலாம்” என்றான்.